பகல் பதினொரு மணிக்கு நிலா

லண்டனில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் ஷெட்யூலராக இருந்தேன். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. அதைச் சரியாகச் செய்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. நான் இருப்பது எல்லோருக்கும் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று காலை முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். இரவு பதினொரு மணிக்குப் போய்க்கொண்டிருந்த 'நித்திரைக்கு முன்' என்ற பேச்சு நிகழ்ச்சியை நிறுத்துவது பற்றிக் கதைக்க வேண்டுமாம். அதை நடத்தியவர் டானியல், மன்னார்க்காரர். மேலே கோட்டும் இடுப்பில் கட்டிய சாரமுமாக, அட்டையில் வெட்டிய நிலாவுக்கு முன்னால் உட்கார்ந்து, கவுன்சில் கடிதம் முதல் கல்யாண வீடியோ வரை எல்லாவற்றையும் நக்கலடிப்பார். பதிவு செய்வது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால் கடைசியில் அவர் விடும் கொட்டாவி மட்டும் நடிப்பில்லை.

"ஜெசி, ராத்திரி பதினொரு மணிக்கு இப்ப ஆர் டீவி பாக்கினம்? எல்லாரும் போனோட படுத்திடினம்," என்றார் முதலாளி. "இங்கிலிஷ் சனல்களே லேட் நைட் ஷோ இனிச் சரிவராது எண்டு யோசிக்கினம். நாங்கள் ஏன் இழுத்துக்கொண்டு கிடப்பான்?"

"டானியல் அண்ணைக்கெண்டு ஆக்கள் இருக்கினம்."

"ஒருத்தரைக் காட்டும், பாப்பம்."

பதில் தேடி நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால், சுவரில் இருந்த டீவியில் எங்கள் சேனல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நிலா. நிலாவுக்கு முன்னால் டானியல். மணி காலை பதினொன்று ஐந்து.

23:00 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 11:00 என்று அடித்திருக்கிறேன்! சமையல் நிகழ்ச்சியைத் தள்ளிவிட்டு டானியல் ஏறி உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் மாற்ற வேண்டும். ஆனால் நான் எழுந்தால் முதலாளி திரும்பிப் பார்ப்பார்.

என் போன் அடித்தது. டானியலேதான்.

"ஜெசி, நான் குட்மேய்ஸில மீன் கடையில நிக்கிறன். கடை டீவியில நானே வந்து, லைட்டை நூத்துப்போட்டு வந்திருங்கோ எண்டு சொல்லுறன். மீன் வெட்டுறவர் என்னையும் டீவியையும் மாறி மாறிப் பாக்கிறார். என்ன நடக்குது?"

"இப்ப கதைக்க ஏலாது, அண்ணை," என்று வைத்துவிட்டேன்.

அடுத்து முதலாளியின் மேசைப் போன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு அம்மா கத்தினார்: "தம்பி, எங்கட சமையல் எங்க? நான் கத்தரிக்காயை வெட்டி வச்சுக்கொண்டு இருக்கிறன், ஒரு மனுசன் சாரத்தோட வந்து குட் ஈவினிங் சொல்லுது!"

முதலாளி திரும்பினார். நிலாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் போன் மறுபடி அடித்தது.

"ஹவுன்ஸ்லோவில இருந்து கதைக்கிறன், அண்ணை. ஏர்போர்ட்டில நைட் ஷிப்ட். இப்பதான் சாப்பிட்டுப் படுக்கப் போறன். எங்களுக்கு இதுதான் ராத்திரி. நேரத்தை மாத்தினவருக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ."

பிறகு பிளேஸ்டோவில் இருந்து ஒரு நர்ஸ். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் டிரைவர். மத்தியானம் வரை போன் ஓயவில்லை.

"உந்தப் பிழையை விட்டது ஆர்?" என்றார் முதலாளி.

"நான்தான்." வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நாளைக்கும் விடும்," என்றார்.

சமையல் பன்னிரண்டு மணிக்குப் போனது. டானியல் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. "பகல் பதினொண்டுக்குக் குட் ஈவினிங் சொல்ல நான் என்ன விசரனோ?" என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தார். அவருக்காக அட்டையில் ஒரு சூரியன் வெட்டிப் பார்த்தோம். ஷிப்ட் முடித்து வந்தவர்கள் போனில் ஒரே சண்டை: "கண் கூசுது, நிலாவைப் போடுங்கோ!" அதைக் கேட்ட பிறகுதான் அவர் சிரித்தார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த நிகழ்ச்சி ஓடுகிறது.

இப்போது ஷெட்யூல் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மணியை மட்டும் பார்த்து ஒரு நிகழ்ச்சியை நிறுத்திவிடாதீர்கள். பார்க்கிறவர்கள் எப்போது வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். அத்தனை ஆண்டுகளில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. விரல் தவறியதால்தான் தெரிந்துகொண்டேன்.