வலிப்பு வரவில்லை

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள். ஆனால் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றால் ஆளே வேறு. ஐந்நூறு தாளை ஒரே வெட்டில், மயிரிழை பிசகாமல் நறுக்கித் தள்ளுவாள். பத்து வருஷம் அப்படி நின்றவள், ஒரு நாள் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். நல்லவேளை, கத்தி மேலே நின்றிருந்தது.

முதலாளி மறுநாளே அவளைத் தாள் மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். "ஒரு வருஷம் வலிப்பு வரலைன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். மெஷினை உங்கிட்டயே தர்றேன்" என்றார். நியாயமான பேச்சுதான், குறை சொல்ல முடியாது.

புது மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலிப்பு போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்பேர்ப்பட்ட கோபம்! பால் கொஞ்சம் பொங்கி வழிந்தால் போதும், பாத்திரம் பறக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சாப்பாட்டில் குறை சொல்ல வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வான். நாத்தனார் ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, "உடம்பு தேறினதும் திமிர் ஏறிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். அடடா, என்ன கண்டுபிடிப்பு! அந்தத் திமிர் பிடித்தவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தினமும் அழுததும், செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்ததும் யாருக்குத் தெரியும்?

மாத்திரைதான் காரணமோ என்று அவளுக்கே சந்தேகம். அதைத் தொடங்கிய வாரத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. ஆனால் சொன்னால் மாத்திரையை மாற்றுவார்கள். மாற்றினால், அதற்கு வலிப்பு அடங்குகிறதா என்று பார்க்க அந்த ஒரு வருஷம் முதலிலிருந்து தொடங்கும். வாயை மூடிக்கொண்டாள். மருத்துவமனைக்கும் அது வசதியாகப் போயிற்று. டாக்டர் தலை நிமிராமல், "வலிப்பு வந்துச்சா?" என்பார்.

"இல்ல சார்."

"வெரி குட். இதையே தொடருங்க."

வெரி குட்டாம், வெரி குட்! இரண்டு நிமிஷத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பதினோராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலாவது படிக்கும் மகள் ரேங்க் கார்டில் கையெழுத்துக் கேட்டு வந்தாள். பேனா எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம். பஞ்சு பேனாவை வீசினாள், அட்டையைக் கிழித்தாள், கையை ஓங்கினாள். அடி விழவில்லை. பிள்ளை அழவும் இல்லை. பழக்கப்பட்டவள் போல இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். தாய் ஓங்கிய கையை மெல்ல இறக்கினாள்.

மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள், சாவு நினைப்பு உட்பட. அவர் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்தார்.

"சிலருக்கு இந்த மாத்திரை இப்படிப் பண்ணும்மா. முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே."

"நீங்க கேக்கலையே சார்."

அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதை ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அச்சகத்தில் விஷயத்தைக் கேட்ட முதலாளி உச்சுக் கொட்டினார். "மறுபடியும் ஒரு வருஷம்தாம்மா. நான் என்ன பண்றது?" இயந்திரத்தின் முன் வேறொருவன் நின்று கோணல்மாணலாக வெட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அம்மா கெட்டவ இல்லடி கண்ணு. அந்த மாத்திரைதான் என்னை அப்படி ஆட்டி வெச்சுது. இப்ப வேற மாத்திரை குடுத்திருக்காங்க."

மகள் புது மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"இது என்னம்மா பண்ணும்?"