உட்கார்ந்த பனி

பனிப்புயல் ஓய்ந்த காலையில் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் வந்த முதல் அழைப்பு கம்பைநல்லூரிலிருந்து. மாதேஸ்வரி அக்காவின் தங்கை பேசினார். "அக்கா போயிருச்சு கண்ணு. நாளைக்குச் சாயந்திரம் எடுக்கறோம். எப்படியாவது வந்துரு."

காய்ச்சல் என்று விடுப்பில் ஊருக்குப் போனவர், தருமபுரி மருத்துவமனையில் தேறி வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் இருந்தது இமயமலையில், ஒரு கணவாய்க்குக் கீழே உள்ள பனி ஆய்வு நிலையத்தில். மதியத்துக்குள் மலை இறங்கினால் விமானம் பிடித்து, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் இறங்கும் ஒரே சாலை மூடிக் கிடந்தது. அதைத் திறக்கலாமா என்று மேலே போய்ப் பார்த்துச் சொல்லும் முறை அன்று என்னுடையது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புயலுக்குப் பின் சரிவில் குழி தோண்டி, பனியின் அடுக்குகளைப் பார்த்து, அது நிற்குமா சரியுமா என்று மதிப்பிடுவது எங்கள் நிலையத்தில் அவருடைய வேலை. நான் அங்கே சேர்ந்தபோது எங்கும் இந்தி. யாரிடமும் பேசக் கூச்சப்பட்டு, சாப்பாட்டு அறையின் மூலையிலேயே இருப்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாகப் பேசிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. ஒருநாள் அம்மாவிடம் போனில், "வூட்டுல எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "வூடா? எந்த ஊரு கண்ணு?"

"காரிமங்கலம் பக்கங்க."

"நான் கம்பைநல்லூரு. சந்தையில என் கால நீ மிதிச்சிருப்ப. அதான் மூஞ்சியப் பாத்தா கோவமா வருது."

நான் அங்கே முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் நடந்ததை நிலையத்தில் எல்லோரும் அறிவார்கள். புயல் விட்டதும் அக்கா மேலே சரிவுக்குப் போயிருந்தார். நான் வயர்லெஸ் அருகில். சாலையில் வண்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. "மேல பனி உக்காந்துருச்சு" என்றார் அக்கா. நான் அதை அப்படியே இந்தியில் சொன்னேன். பனி உட்கார்ந்துவிட்டது என்றால் இந்தியில், இறுகிவிட்டது, இனி பயமில்லை என்று பொருள். எல்லோர் முகமும் மலர்ந்தது. ஒரு டிரைவர் இன்ஜினையே கிளப்பிவிட்டார்.

எனக்கு மழையில் எங்கள் வீட்டுச் சுவர் இடிந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. மீண்டும் வயர்லெஸ்ஸை எடுத்தேன். "அக்கா, எப்படி உக்காந்துச்சு? நல்லபடியா, இல்ல செவுரு மாதிரியா?"

இரைச்சலுக்கு நடுவே, "செவுரு மாதிரிதான்டி! கால வெச்சதும் அடியில பொம்முனு எறங்குது. ஒருத்தரையும் விடாத!"

வண்டிகளை நிறுத்தினோம். கடைசிவரை அந்தப் பனி சரியவே இல்லை. டிரைவர்கள் நாள் முழுக்க எங்களைத் திட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்கா தேநீர்க் குவளையை என் கையில் திணித்தார். "திட்டட்டும் கண்ணு. உசுரோட இருக்கறதாலதான திட்டறாங்க." பிறகு சிரித்தார். "ரெண்டு தருமபுரிக்காரிங்க தமிழ்ல பேசிக்கிட்டு ஒரு ஊரையே பொதச்சிருப்போம் போ." அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: பனி இறுகினால் 'படிஞ்சிருச்சு'. நொறுங்கினால் மட்டும் 'உக்காந்துருச்சு'.

செய்தி வந்த காலையில் அதே சரிவுக்குப் போனேன். புயல் நாட்களில் சரியாகத் தூங்காத உடம்பு. குழி தோண்டினேன். மேலே காற்று கொண்டுவந்து சேர்த்த கெட்டிப் பனி. அடியில் ரவை போல ஒட்டாத மணிகள். தூண்போல ஒரு பகுதியைப் பிரித்து, மேலே மண்வெட்டியை வைத்து மெல்லத் தட்டினேன். மேல்பகுதி மேசை டிராயர் போல நழுவி வெளியே வந்தது. தள்ளிப் போய் இன்னொரு குழி தோண்டினேன். அதிலும் அப்படியே. வேறு விதமாக இருக்கும் இடம் ஒன்று கிடைக்கும் என்று மூன்றாவதையும் தோண்டியிருப்பேன்; கை எழவில்லை. அப்படித் தேடுவது தப்பு என்றும் தெரிந்திருந்தது.

கீழே வந்தபோது நிலையத்து வண்டி டிரைவர், "உங்களை மட்டும் வேகமா இறக்கி விட்டுடறேன்மா" என்றார். வேண்டாம் என்றேன். சாலை திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இம்முறையும் பனி சரியவில்லை.

நான் கம்பைநல்லூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள். அக்காவின் தங்கை என்னைப் பார்த்ததும், "இருட்டற வரைக்கும் உனக்காக வெச்சிருந்தோம்" என்றார்.

"ரோடு மூடிருந்துச்சுங்க."

"யாரு மூடுனது?"

"நான்தாங்க."

அவர் திட்டினார். அழுதுகொண்டே, மூச்சு வாங்க, வெகுநேரம் திட்டினார். நான் தலை குனிந்து நின்றேன். கடைசியில் ஓய்ந்துபோய், என் கையில் ஒரு டம்ளர் காபியைத் திணித்தார். அக்கா திணிப்பது போலவே.

போய் வாருங்கள் அக்கா. என் நிலவரம் கேட்பீர்கள், தெரியும். படியவில்லை அக்கா. உக்காந்துருச்சு.