சின்னவரும் அக்காவின் பேசும் பெட்டியும்

சின்னவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையிலும் அதே பெயர்தான். தண்ணீர் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. பம்பு எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்குப் புத்தி சொல்லும் நிரல்களை அவர் எழுதுவார். மதிய ஷிப்ட் என்பதால் காலை முழுக்க வீட்டில்தான்.

வீட்டில் இருக்கிறவர் சும்மா இருந்தால் பரவாயில்லை. மெதுவாக நடக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் குழாயைக் கழற்றிவிடுவார். கதவு நிதானமாகச் சாத்திக்கொண்டால் கீலுக்கு எண்ணெய் விட்டு, அது படீரென்று அடிக்கிற மாதிரி செய்துவைப்பார். "இவரோட குடும்பம் நடத்துறது ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே போற மாதிரி," என்பாள் மனைவி. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. அவசரப்படுத்தினால் ஒரு குழந்தைகூடச் செருப்பு மாட்டாது என்று அறிந்தவள்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அக்கா. சின்னவருக்கு மூத்தவள். பள்ளிக்கூட வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர். எந்த வார்டுக்கு எந்த எண், எந்த டாக்டர் எந்த நேரம் எங்கே இருப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "யாரு பேசுறதுன்னு அவங்க சொல்லவே வேணாம். மூச்சு விட்டாப் போதும்," என்று பெருமையடித்துக்கொள்வாள். பெருமையில் பாதி உண்மை, பாதி குசும்பு.

அந்த ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிடம் ஒன்று எழும்பியது. அதோடு இணைப்பகத்தையும் மாற்றப்போகிறோம் என்றார்கள். விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான்கள் எல்லாம் போய், வழவழவென்று ஒரு தொடுதிரை வரும். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். அக்காவைக் கூப்பிட்டுப் பக்குவமாகவே சொன்னார். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. வரவேற்புல ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம்."

"நாற்காலியில உக்காந்து என்ன பண்றது சார்?"

"சும்மா இருங்க. இவ்வளவு வருஷம் உழைச்சாச்சே."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டினாள். "என்னை நாற்காலிக்குக் காவல் வைக்கப் போறாங்க," என்று சிரித்தாள். ஆனால் தட்டில் கை போகவில்லை. விஷயத்தை மறுநாள் காலையில் கேட்டறிந்த சின்னவர் நகத்தைக் கடித்தபடியே அவளிடம் கேட்டார்.

"அந்தத் திரையில வர்றது உன் காதுல பேசினா?"

"பேசினா நான் கேப்பேன். அதைப் பேச வைக்கிறது யாரு, உங்க தாத்தாவா?"

"உனக்கும் அவர்தானே தாத்தா," என்றார் சின்னவர். அப்படித்தான் ஆரம்பித்தது.

புது இணைப்பகம் தன் திரைக்கு அனுப்பும் செய்தியை இன்னொரு கம்பியிலும் அனுப்ப, அதன் வழியே வரும் கட்டளையையும் வாங்கிக்கொள்ள, இணைப்பகத்தை விற்ற நிறுவனத்தார் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையில் சின்னவர் ஒரு போர்டை வைத்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரே பலகையாக இருக்கும் முழுக் கணினி அது. கண்ணால் பார்க்க வேண்டியது எதுவும் இல்லாமல், போட்டவுடன் பேசத் தொடங்குகிற ஒரு இயங்குதளத்தை அதற்கென்றே அடி முதல் நுனி வரை தாமே கட்டினார். எழுதிய நிரல்களை எல்லாம் சேர்த்து, இயந்திரத்துக்குப் புரிகிற ஒரே மூட்டையாகக் கட்டும் அந்த வேலைக்கு அவர் வட்டாரத்தில் 'பில்ட்' என்று பெயர். பெரிய கணினியில் சீக்கிரம் முடியும். வீட்டில் பெரிய கணினி இல்லை. தொழிற்சாலைக் கணினியைச் சொந்த வேலைக்குத் தொடமாட்டார், அது அவர் குணம். ஆக, அந்தக் குட்டிப் போர்டே தன்னைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

காலையில் தொடங்கினால் பொழுது சாயும்போதுதான் முடியும். அப்போது சின்னவர் தொழிற்சாலையில் இருப்பார். வேலை முடிந்து வந்த அக்கா போர்டின் காதுக்கருவியை மாட்டிக் கேட்டுப் பார்ப்பாள். குறை என்ன என்று மறுநாள் காலை காப்பியோடு சொல்வாள். அதைத் திருத்தி மறுபடி பில்ட் போட்டால் மறுபடி ஒரு பகல் காலி.

குறைக்குப் பஞ்சமில்லை. "பல் பிரிவு" என்பதை அந்தப் பேசும் பெட்டி ஒட்டிச் சொல்லி "பல்புரிவு" ஆக்கியது. "பல்லு வலியோட வந்தவனுக்கு உன் பெட்டி பல்பு குடுத்து அனுப்புது," என்றாள் அக்கா. "இதயப் பிரிவு" என்பதை "இதயம், பிரிவு" என்று இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டது. "இது ஆஸ்பத்திரியா, காதல் கதையா? கேட்டா எனக்கே அழுகை வருது." சின்னவரும் சிரித்தார். சிரித்துவிட்டு பில்டைத் தொடங்கி, நகரமாட்டேன் என்று நகரும் எழுத்துகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சின்னவர் முதலில் போர்டின் ஓட்டத்தை, அது தாங்குமென்று சொல்லப்பட்ட அளவுக்கு மேல் ஏற்றினார். அது பாதி வழியில் கல்லாகச் சமைந்து நின்றது. பிறகு ஒரே நேரத்தில் நிறைய வேலைகளைச் செய்யச் சொன்னார். நினைவகம் நிறைந்து வழிந்து, போர்டு பாதியை மெமரி கார்டில் எழுதி வைத்துவிட்டு மறுபடி தேடி எடுக்க ஆரம்பித்தது. பில்ட் முன்னைவிட மெதுவானது. தொட்டுப் பார்த்தால் போர்டு கொதித்தது. கூடத்து மேசை விசிறியைத் தூக்கிவந்து அதன் முன்னால் வைத்தார். மனைவி திருத்திக்கொண்டிருந்த, பள்ளிக் குழந்தைகள் வரைந்த யானைப் படங்கள் அறை முழுக்கப் பறந்தன.

"உங்க போர்டுக்கு வேர்க்குதுன்னா எங்க யானை எல்லாம் பறக்கணுமா?" என்றாள் அவள். விசிறி கூடத்துக்குத் திரும்பியது.

அடுத்து அவர் செய்ததை மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். போர்டைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். கதவு இடுக்கு வழியாக வயர். கொஞ்ச நேரம் பில்ட் பறந்தது. அவரும் பூரித்துப்போய்க் குளிக்கப் போனார். அந்தச் சமயம் பார்த்து மனைவி பால் எடுக்கக் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று பட்டு, குளிர்ந்த பலகை மேல் முத்து முத்தாக நீர் கோத்தது. அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது போர்டின் விளக்கு அணைந்திருந்தது. துடைத்தார், வெயிலில் காயவைத்தார், மறுபடி இணைத்தார். விளக்கு எரியவில்லை.

புதுக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம் அது; இணைப்பகம் மாற அதிக நாள் இல்லை. சின்னவர் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் அக்கா வந்ததும், "என் மேலதான் தப்பு," என்றாள் மனைவி. "பாலை ஃபிரிட்ஜுலதாம்மா வைப்பாங்க. போர்டைத்தான் வைக்க மாட்டாங்க," என்றாள் அக்கா.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், தனியாக பஸ் ஏறி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனாள். தம்பி வாயில் அடிக்கடி விழுந்த போர்டின் பெயர் அவளுக்கு மனப்பாடம். அதே இனத்தில் நினைவகம் அதிகமுள்ளது வேண்டும் என்று கேட்டாள். மேலே மூடுவதற்கு என்ன உறை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டு, இருந்ததை எல்லாம் அவள் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் உறைகளை ஒதுக்கிவிட்டுக் கனமான அலுமினிய உறை ஒன்றை எடுத்தாள். அதன் முதுகில் சீப்பு மாதிரி வரிசை வரிசையாகப் பற்கள்.

சின்னவர் கிளம்புவதற்குள் வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த உறையை எதுக்கு வாங்கினே?"

"தடவிப் பார்த்தா விரலுக்கு நல்லாயிருந்துச்சு. ஏன், அசிங்கமா இருக்கா?"

"அசிங்கம் இல்ல," என்றார் சின்னவர். ஏதோ தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தார். அவள்தான் மூச்சிலேயே கண்டுபிடிக்கிறவளாயிற்றே.

உறையை மாட்டி பில்ட் போட்டபோது ஓர் அதிசயம் நடந்தது. அந்த அலுமினியப் பற்கள் சூட்டை வாங்கி வாங்கி வெளியே தள்ளின. போர்டு ஓட்டம் குறையாமல் ஓடியது. அப்போதுதான் சின்னவருக்கு உறைத்தது. பழைய போர்டு சூடு தாங்காமல், கருகிவிடுவோமோ என்று பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓடமுடியாத மாட்டை அவர் இன்னும் சாட்டையால் அடித்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் நிதானமானார். எதையும் மாற்றுமுன் எங்கே தாமதம் என்று பார்த்தார். நினைவகம் கொள்கிற அளவுக்கு மட்டும் வேலைகளைக் குறைத்துக் கொடுத்தார். குறைத்ததும் வேகம் கூடியது. மெமரி கார்டை விட்டுவிட்டு, பழுதாகிக் கிடந்த பழைய மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைக் கழற்றி அதில் எழுதவைத்தார். போர்டுக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு செல்போன் சார்ஜர். அது பாதி வயிற்றுக்குத்தான் போட்டிருக்கிறது என்று கண்டு நல்லதாக மாற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை கட்டியதை எடுத்துவைத்து, மாறாத பகுதிகளை மறுபடி கட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார். சமைத்து வைத்ததை மறுபடி சமைப்பானேன்?

பகல் முழுக்க இழுத்த பில்ட், அக்கா குளித்துத் தலை வாருவதற்குள் முடிந்தது.

ஒரு விடுமுறை நாள். அக்கா காதில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "பல்" என்பதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வேண்டும் என்றாள். திருத்தினார், வந்தது. எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைப் பிறகு சொல்லட்டும் என்றாள். வந்தது. அழைப்பு காத்திருந்தால் பேசவேண்டாம், ஒரு தட்டு தட்டினால் போதும் என்றாள். அதுவும் வந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "குரலை வேகமாக்கு," என்றாள்.

கொஞ்சம் ஏற்றினார். "இன்னும்." ஏற்றினார். "இன்னும்டா." கடைசியில் அது மரத்தில் குருவிகள் சண்டை போடுவது மாதிரி ஆனது. சின்னவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"இப்பதான் சரி," என்றாள் அக்கா, நாற்காலியில் சாய்ந்து.

"இது உனக்குப் புரியுதா?"

"நீ வெச்சிருந்தது சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள நாலு பேரு போனை வெச்சிட்டுப் போயிடுவாங்க."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

அக்கா வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு சொன்னா உனக்கு ஒரு நாள் போச்சு. நீ சாப்பிடாம அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பே. அதான் பெரிய குறையா ஒண்ணைப் பொறுக்கி எடுத்துச் சொல்லுவேன். மத்ததை எல்லாம் பொறுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

சின்னவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மத்தது எல்லாம் சொல்லு," என்றார். சொன்னாள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கடைசியில் தட்டுகளை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். "அண்ணி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் குறை சொல்லுங்க," என்றாள்.

புது இணைப்பகம் ஓடத் தொடங்கிய அன்று கண்காணிப்பாளர் அக்காவின் பின்னால் நின்று பார்த்தார். அழைப்புகள் மழை மாதிரி கொட்டின. அக்காவின் காதில் பெட்டி கீச்சிட்டது. பெட்டியோடு சின்னவர் கொடுத்திருந்த பழைய எண்பலகையில் அவள் விரல்கள் ஓடின. திரையை அவள் தொடவே இல்லை. கண்காணிப்பாளர் காதுக்கருவியை வாங்கி ஒரு நிமிடம் கேட்டார். "இது எந்த மொழிம்மா?"

"தமிழ்தான் சார். கொஞ்சம் அவசரத் தமிழ்."

அக்கா ஓய்வு பெறும் வரை இணைப்பக நாற்காலியில்தான் இருந்தாள். வரவேற்பு நாற்காலியை யாரோ நோயாளியின் உறவினருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வேறோர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து, அவளைப் போலவே பார்வையில்லாத ஆபரேட்டர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பெட்டியின் பெண் குரல் வேண்டாம், காதில் யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். சின்னவர் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பில்டைத் தொடங்கினார். அது முடிவதற்குள் அக்கா அந்த மனிதரிடம், குரலை எவ்வளவு வேகம் வைக்கலாம் என்று வாதாட ஆரம்பித்துவிட்டாள்.