மேலவீட்டிலிருந்து வந்த குலவை

சங்கரன்கோவில் பக்கம் போகிறேன் என்று யாராவது சொன்னால், கோபுரம் பார்த்துவிட்டு பிரியாணி சாப்பிட்டு வாருங்கள் என்றுதான் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். நானும் அப்படிச் சொல்கிற ஆள்தான். ஆனால் போன வாரம் ஒரு வாசகி, தொண்டு நிறுவனங்கள் வேலை செய்கிற கிராமங்களைப் போய்ப் பார்க்க வேண்டும், எப்படிப் போவது, அங்கே என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போன பயணம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பரபரவென்றுதான் இருக்கிறது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கூடப் படித்த எஸ்தர் சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, சுற்றியிருந்த கிராமங்களில் மாதர் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தாள். மழை பொய்த்த வருஷம் அது. "புதன்கிழமை ஒரு ஊர்ல தண்ணிக்குப் போர் போடப் போறோம். லீவு போட்டுட்டு வாட்டி" என்று ஆபீசுக்கே போன் செய்துவிட்டாள். மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஐந்தரை மணி பஸ். சங்கரன்கோவில் வரை போக வேண்டியதில்லை. அதற்கு முன்பே, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில், பனவடலிசத்திரத்தில் இறங்கிவிடலாம். டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம் என்று ஞாபகம். மானூர் தாண்டியதும் பச்சை முடிந்துபோனது. ஏழு மணிக்கு இறங்கி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எஸ்தர் ஜீப்போடு வந்துவிட்டாள். ஜீப்புக்குப் பின்னால் போர் போடுகிற பெரிய லாரி. அதற்கு வழிகாட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் மண்பாதையில் போனோம். இரண்டு பக்கமும் ஆட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு நானே தேர் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு பெருமை.

ஊருக்குள் நுழைந்ததும் அந்தப் பெருமை இறங்கிவிட்டது. லாரியை மறித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். ஊர் நாட்டாமை, மேலவீட்டுக்காரர். அங்கே இரண்டு இடங்களில் தண்ணீர் இருக்கும் என்று நீரோட்டம் பார்த்தவர் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார். ஒன்று நாட்டாமையின் மாட்டுத்தொழுவம். இன்னொன்று மேலத்தெருவும் கீழத்தெருவும் சந்திக்கிற முக்கு. மாதர் சங்கம் கூடிப் பேசி முக்குதான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தது. தொழுவத்தில் போட்டால் கீழத்தெருப் பெண்கள் உள்ளே கால் வைக்க முடியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இரண்டு மைல் தள்ளியிருந்த தோட்டக் கிணற்றுக்குத்தான் நடக்க வேண்டும்.

"என் எடத்துல போடுங்க. எல்லாருக்கும் நானே தண்ணி தாரேன். தெருமுக்குல போட்டா யாரு பாதுகாப்பு?" என்றார் நாட்டாமை.

சங்கத்தின் தலைவி சண்முகத்தாய். கீழத்தெருக்காரி, மெலிந்த உடம்பு, கணீர்க் குரல். "நீங்க தருவீய அண்ணாச்சி, நாங்க இல்லங்கல. நாங்க வாசல்ல நின்னு கேக்கணும்லா? அந்தக் கேக்குறதுதான் வேண்டாங்கோம்" என்றாள்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. எஸ்தர் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "சும்மா இருட்டி. ஊர்ல ஒரு ஆள் தடுத்தாலும் வண்டி திரும்பிரும், அதான் எங்க ரூல். நாளைக்கு இளையரசனேந்தல் பக்கம் ஒரு ஊருக்குப் போகணும். இன்னிக்கு விட்டா இந்த வருஷம் இவங்களுக்குப் போர் கிடையாது" என்றாள்.

லாரி டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர். அவருக்கு இந்த வழக்கெல்லாம் வேடிக்கை. "ஏனுங்க, எங்கீங்க போடோணும்? எனக்கு டீசல் எரியுதுங்க" என்று மணிக்கொரு தரம் கேட்டார். வெயில் ஏறியது. ஆண்கள் மேலவீட்டு வாசலில் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு தொழுவத்தை நோக்கியே சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதினோரு மணி வாக்கில் சண்முகத்தாய் எழுந்தாள். "அவுக பேசட்டும். நாம பூசையாவது போடுவோம், வாங்க" என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு முக்குக்குப் போனாள். தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, சுண்ணாம்புக் குறியின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு முப்பது பெண்கள் ஒன்றாக நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அது நடந்தது. இந்தக் குலவை முடிவதற்குள் மேலவீட்டின் உள்ளேயிருந்து இன்னொரு குலவை கிளம்பியது. முதலில் ஒரு குரல், உடனே இரண்டு இளங்குரல்கள். நாட்டாமையின் மனைவி கோமதியம்மாளும் இரண்டு மருமகள்களும்!

எனக்கு விஷயம் புரியவில்லை. எஸ்தர் என் தோளைப் பிடித்து உலுக்கியபடி சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஒரு குலவை காதில் விழுந்தால், நடவோ கோயில் கொடைத் திருவிழாவோ, கேட்கிற பெண்ணின் நாக்கு தானாகவே சுழலும். அதோடு, ஒரு வீடு எந்த மண்ணுக்குக் குலவை போட்டதோ அந்த மண்ணில் நடக்கிற காரியத்தை அந்த வீடே தடுக்கக் கூடாது. தடுத்தால் வீட்டுக்கு ஆகாது.

"யாருட்டி அங்கன குலவை போட்டது?" என்று நாட்டாமை உள்ளே பார்த்துக் கத்தினார். யாரோ ஒரு கிழவர், "வாய் தவறிப் போட்டுட்டாவ போல" என்று சமாதானம் சொன்னார். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வீட்டுக் குலவை விழுந்தாச்சு. இனி நான் என்ன சொல்ல? போடுங்க வே."

டிரைவர் லாரியைக் கிளப்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊர் முழுக்கப் புழுதி, காது அடைக்கிற சத்தம். மூன்று மணி வரை வெறும் கல்தூள்தான் பறந்தது, சண்முகத்தாய் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தபடி நின்றாள். பிறகு தூள் ஈரமானது, சேறானது. இருநூறு அடி தாண்டியதும் தண்ணீர் பனை உயரத்துக்குச் சீறியது. நான் சேறு பூசிய முகத்தோடு முன்பின் தெரியாத பெண்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். டிரைவரும் குதித்தார்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சங்கரன்கோவிலில் லாட்ஜில் தங்கிக்கொள்வது வசதி. கிராமங்களுக்கு பஸ் குறைவு, திரும்புகிற பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். பகலில் பெண்கள் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், சங்கம் கூடுகிற சாயங்காலம் பார்த்துப் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் போய் மாலை போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒரு மாதம் கழித்து, யாரும் அழைக்காதபோது இன்னொரு தரம் போங்கள். நான் அப்படித்தான் போனேன்.

முக்கில் கைப்பம்பு பொருத்தியிருந்தார்கள். இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கோமதியம்மாள். மேலவீட்டுப் பெண்கள் கோயில் கொடைக்குத் தவிர தெருவுக்கு வருவதில்லை, தண்ணீரை வேலைக்காரப் பெண்தான் சுமப்பாள் என்று எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அன்றைக்கு வாய் தவறிக் குலவை போட்டுவிட்டீர்களாமே என்று கேட்டேன்.

"வாயி எங்க தவறிச்சு?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "பம்பு தொழுவத்துல வந்திருந்தா நான் வாசலத் தாண்டவே முடியாதே மக்கா. இப்போ, குலவை போட்டவதான் சாமிக்குத் தண்ணி எடுக்கணும்னு அவுககிட்டச் சொல்லிட்டேன். மறுத்துப் பேச முடியுமா?"

அவர் முறை வந்தது. இடுப்பிலிருந்து எடுத்து வைத்தது உள்ளங்கை அகலச் செம்பு ஒன்று. இரண்டே அடியில் நிறைந்துவிட்டது.

"ஏம்மா, வீட்டுல பெரிய குடம் இல்லையா?"

"நாலு கெடக்கு" என்றார் கோமதியம்மாள். "அதக் கொண்டாந்தா ஒரே நடையில முடிஞ்சிருமே."