தமிழ் லாச்சி

எங்கள் மலையூரான தானா ராத்தாவின் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஏர்கான் வந்தது. நடுப்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத ஊரில் ஏர்கான்! கம்ப்யூட்டர் வைக்கும் அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது மலையேறி வந்து பார்த்திருக்க மாட்டார். சன்னலைத் திறந்து வைத்தாலே போதுமே என்றேன். உத்தரவு உத்தரவுதான் என்றார் எங்கள் நூலக அதிகாரி. கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அதைப் பிடிக்காமல் போயிற்று.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அந்த நூலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள் நான். ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை நான் படிக்க முடிந்ததற்குக் காரணம் என் அக்கா. அம்மா படுத்த படுக்கையானபோது அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டியவள், கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். படித்துப் பாஸ் பண்ணியது நான். ஆனால் வாசிப்புப் பைத்தியம் அவளுக்குத்தான். மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைக் கூட நீவிவிட்டுப் படித்த பிறகுதான் அடுப்பில் போடுவாள்.

அந்தக் காலத்தில் நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க, சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த ஒரு மர அலமாரி இருக்கும். இழுப்பறையை நாங்கள் லாச்சி என்போம். ஒவ்வொரு லாச்சியிலும் வரிசையாக அட்டைகள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், அது இருக்கும் தட்டின் எண் எல்லாம் அதில் இருக்கும். மலாய், ஆங்கில அட்டைகளைத் தட்டச்சில் அடித்திருந்தார்கள். தமிழில் அடிக்க இயந்திரம் கேட்டு எழுதினேன், பதிலே வரவில்லை. ஆகவே கீழ்வரிசைக் கடைசி லாச்சி முழுக்க என் கையெழுத்துதான்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அக்கா தோட்டத்து லோரியில் டவுனுக்கு வருவாள். முதல் தடவை வந்தபோது எனக்குத் தலைக்கு மேல் வேலை. நீயே பார்த்துக்கொள் என்று லாச்சியை இழுத்துக் காட்டிவிட்டுப் போனேன். அகர வரிசை தெரிந்தவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்லித்தர வேண்டும்? அதன் பிறகு அவள் என் பக்கமே வரவில்லை. லாச்சியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகத் தள்ளிப் பார்ப்பாள். தேயிலைச் சாறு ஏறிய அவள் விரல்பட்டு அட்டைகளின் மேல்விளிம்பு கறுத்தே போய்விட்டது.

முன்னால் இடமில்லை என்று தமிழ்ப் புத்தகங்களைப் பின்னறையில் வைத்திருந்தோம். அங்கே போக ஊழியர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அக்கா எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு விரலால் தட்டுவாள். "சீக்கிரம்லா, லோரி போயிரும்" என்பாள். நான் எழுந்து ஓடுவேன். அந்த ஒரு மணி நேரம் அவள் முதலாளி, நான் கூலி. இரண்டு பேருக்கும் அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேலே தோட்டத்தில் அவள் பாடு வேறு. ஒருநாள் லீவு வேண்டுமென்றால் கங்காணியிடம் கேட்க வேண்டும். கூரை ஒழுகினால் ஆபீஸ் கிராணியிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் மாத்திரைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்காமல், தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் இடம் அவளுக்கு அந்த லாச்சி ஒன்றுதான்.

கம்ப்யூட்டருக்காக எல்லா அட்டைகளையும் பெரிய தாள்களில் பெயர்த்து எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என்ன செய்வது என்று கேட்டேன். இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் மலாயில் 'புக்கு தமிழ்', அதாவது தமிழ்ப் புத்தகம், என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் கொடுங்கள் என்று பதில் வந்தது. சீனப் புத்தகங்களுக்கும் அதே கதி. சில மாதம் கழித்து ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்சாகித் திரும்பி வந்ததைப் பிரித்தேன். புக்கு தமிழ், புக்கு தமிழ், புக்கு தமிழ். லைனில் உள்ள அத்தனை பேருக்கும் 'ஆள்' என்று ஒரே பெயர் வைத்த மாதிரி இருந்தது. 

கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், மேசை போட இடம் வேண்டும், மர அலமாரியை எடுத்துவிடலாம் என்றார் அதிகாரி. தமிழ் லாச்சியை மட்டுமாவது ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். முடியாது, ஒரு நூலகத்தில் இரண்டு விதமான பட்டியல் முறை இருக்கக்கூடாது என்றார். வீட்டுக்காவது கொண்டுபோகிறேன் என்றேன். அரசாங்கச் சொத்து என்றார். என் குரல் ஏறிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது மழையில் நனைந்துகொண்டு லைன் வரைக்கும் வந்தவர். அன்றும் பொறுமையாகத்தான் பேசினார். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்கிறவர்கள் உன்னிடம் கேட்டால் போதுமே, நீதான் இங்கே இருக்கிறாயே என்று மலாயில் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய உதவி. அந்த உதவியில் என்ன குறை என்று அவருக்கு விளங்கும்படி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதுமே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அலமாரி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பள்ளிப் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய அட்டைகளைப் பாதியாக வெட்டி, எண் குறித்துக்கொள்ள என்று ஒரு பென்சிலோடு மேசையில் வைத்திருந்தோம். அக்கா அந்தக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள். என் கையெழுத்தில் ஏதோ ஒரு நாவலின் பாதிப் பெயர் இருந்தது. இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி அதே இடத்தில் வைத்தாள்.

"சொல்லுக்கா, என்ன புக் வேணும்? நான் பாத்து எடுத்துத் தரேன்" என்றேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கேட்டுத்தான் வாங்கணும்னா, நான் ஏன் பிள்ள டவுனுக்கு வரணும்? மேல தெனமும் அதத்தானே செய்யறேன்."

சந்தைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லோரி வர இன்னும் நேரம் இருந்தது. ரோட்டோரத்தில் நின்றே காத்திருந்தாள்.

அதன் பிறகு அவள் நூலகத்துக்கு வரவில்லை. நான்தான் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எது வேண்டும் என்று கேட்டால், "எதாச்சும் கொண்டா" என்பாள். கொடுத்ததைப் படிப்பாள். நன்றாக இருந்ததா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். ஒரு தடவை, அவள் எப்போதோ தேடி எடுத்துப் படித்துவிட்டு, லைன் முழுக்கக் கதை சொல்லி முடித்த நாவலையே மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பாதி வாரம் போன பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. அவள் அதையும் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.