ஆறாம் நாள் வரை காத்திருந்த அம்மா

மாலை நான்கு மணி. ஏதோ ஓர் அரசுப் பள்ளியின் வாசலில், யாருடைய பிள்ளையையும் கூட்டிப்போக வராத ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். கையில் குடை, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, தலைமுடியில் வற்றல் மிளகாயின் தூசி. மணி அடித்ததும் வெளியே பாய்ந்து வரும் பிள்ளைகளில் ஒன்றை மறித்து, தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "இன்னு எந்து படிச்சு, மோளே?" என்று அன்றைய பாடத்தைக் கேட்கிறாள். அவள் என் அம்மா. திருவனந்தபுரத்தில் அவள் வாடகைக்கு வீடு தேடிய விதம் இதுதான். இரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் இருந்த என்னையும் சில நாட்கள் இழுத்துக்கொண்டு போவாள். பக்கத்தில் நிற்பவள் என் அம்மாவே இல்லை என்பதுபோல நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வீடு தேட வேண்டிய அவசியமே எங்களுக்கு அப்போது இல்லை. அப்பா சாலை என்ற கடைவீதியில் ஒரு தானியக் கடையில் எடை போடுகிறவர். கடை மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே இருந்த ஒற்றை அறையை முதலாளி எங்களுக்குச் சும்மாவே விட்டிருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த நாள் முதல் அப்பாவுக்கு அந்த அறைதான் பெருமை. அம்மா அதே வீதியில் பருப்பும் வற்றலும் புடைத்துப் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். கீழே லாரி நின்றால், எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை பாக்கி என்று நான் மாடியிலிருந்தே கத்துவேன். கணக்குப்பிள்ளைக்கு அது எரிச்சல். அம்மாவுக்கோ அதிலிருந்துதான் ஒரு நினைப்பு முளைத்தது. இந்தப் பிள்ளைக்கு ஏதோ வருகிறது, அது வீணாகிவிடக் கூடாது என்ற நினைப்பு.

வாசலில் அவள் கேட்ட கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்ட சோற்றையும் பயற்றுக் கறியையும்தான் சொன்னார்கள். நெடுமங்காடு போகும் வழியில் ஒரு பள்ளியில் மட்டும், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி பதிலே சொல்லவில்லை. "அம்மயுட வயசு மனசில் வச்சோ, ஞான் கண்டுபிடிக்காம்" என்றாள். பெருக்கச் சொன்னாள், கூட்டச் சொன்னாள், கழிக்கச் சொன்னாள், கடைசியில் வயதைச் சரியாகச் சொல்லிவிட்டு ஓடப் பார்த்தாள். அம்மா விடுவாளா? சனிக்கிழமைதோறும் அந்தப் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடக்கிறது, மூன்றாம் வகுப்பில் பொறுக்கி எடுப்பார்கள், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பதையெல்லாம் அங்கேயே நின்று கறந்துவிட்டாள். மறு வாரம் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

"சும்மா கெடக்க இடத்த விட்டுட்டு வாடகைக்குப் போவாளாம். ஒனக்கு என்னட்டி கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் அப்பா.

"கிட்டங்கியில மூட்டை கெடக்கும். பிள்ள கெடக்காண்டாம்" என்றாள் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாங்கள் காலி செய்த மறுநாளே முதலாளி அந்த அறையை வேறொரு வேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போக இனி இடம் கிடையாது.

இதற்கிடையில் ஒரு சிக்கல். நான் படித்த சாலைப் பள்ளியில் தமிழ் வகுப்புகளுக்கு இருந்தது ஒரே டீச்சர். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அம்மா போனபோது அவர் முகம் செத்துவிட்டது. பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள், அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருடம் தமிழ் டிவிஷன் இருக்குமா, டீச்சர் வேலை இருக்குமா என்று முடிவாகும். "வேண்டிய தல சரியாத்தாம்மா இருக்கு. உங்க பிள்ள போயிட்டா என் டிவிஷன் போச்சு. மத்த பிள்ளைங்கள மலையாள கிளாசுல கொண்டு தள்ளிருவாங்க" என்றார். கெஞ்சவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "ஆறு நாளுதானே டீச்சர். எண்ணி முடிச்சிட்டுத் தாங்க" என்று எழுந்துவிட்டாள். புது வீட்டிலிருந்து தினமும் பேருந்தில் கிழக்கேகோட்டையில் போய் இறங்கி, ஆறு நாளும் என்னைப் பழைய பள்ளியில் கொண்டு விட்டாள். ஜூன் மழை சும்மா விடவில்லை. ஆறாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எண்ணினார், என் தலையும் எண்ணப்பட்டது, டிவிஷன் பிழைத்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு ஏழாம் நாள் காலையில் நாங்கள் புதுப் பள்ளிக்குப் போய் நின்றோம்.

"டெஸ்ட் கழிஞ்ஞு போயல்லோ அம்மே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

சனிக்கிழமை வகுப்புக்கான தேர்வு நான்காம் நாளே முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் எடுபடாதவர்களுக்குப் பிறகு இடமில்லை. அம்மா செய்த தப்பு இது ஒன்றுதான்: எண்ணிக்கை முடிகிற வரை எந்தப் பள்ளியிலும் எதுவும் தொடங்காது என்று நம்பிவிட்டாள். சாலைப் பள்ளியில் அதுதான் வழக்கம். முதல் ஆறு நாளும் டீச்சர்மார் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போயிருப்பார்கள். பெஞ்சு நிறையப் பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் முதல் நாளே பாடம் தொடங்கிவிடும் என்பதை, ஆள் குறைந்த பள்ளியை மட்டுமே பார்த்த ஒருத்திக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அம்மா வெளியே போகவில்லை. ஏன் தாமதமானது என்பதைத் தமிழும் மலையாளமும் கலந்து ஆறு நாளையும் வரிசையாகச் சொன்னாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேறொரு டீச்சருக்கு வேண்டியா?" என்று கேட்டார். பிறகு என்னிடம் ஒரு மலையாளப் புத்தகத்தை நீட்டினார். பேச்சு மலையாளம் எனக்குத் தண்ணீர்போல வரும். எழுத்து தகராறு. கூட்டிக் கூட்டி ஒரு வரியை நான் வாசித்து முடிப்பதற்குள் அவர் முடியாது என்று தலையை அசைத்துவிட்டார்.

"கணக்குக்கு ஏது பாஷ டீச்சரே? ஒரு தடவ சோதிச்சு நோக்குங்க. தோத்தா ஞான் பின்ன ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றாள் அம்மா.

"ஆரு வாயிச்சு கொடுக்கும்? இவிட தமிழ் அறியுந்நவர் ஆரும் இல்லல்லோ" என்றார் அவர். அது மறுப்பில்லை, வெறும் கேள்விதான் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அன்றே சாலைப் பள்ளித் தமிழ் டீச்சரைத் தேடிப் போனாள்.

மறுநாள் காலை தமிழ் டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, புடவைக் கரையெல்லாம் சேறாக வந்து இறங்கினார். பத்துக் கேள்விகளையும் தமிழில் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சாடை காட்டிவிடுவாரோ என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவரை மூலையில் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டார். தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி இருந்த அந்த முதுகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. ஒன்பது கேள்விக்குச் சரியான விடை எழுதினேன். பத்தாவது: ஆறு பேர் உட்காரக்கூடிய தோணியில் முப்பது பேர் அக்கரை போக எத்தனை நடை? நான் ஆறு என்று எழுதியிருந்தேன். அவர்களிடம் இருந்த விடை ஐந்து.

"இது எங்ஙன ஆறாயி?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"தோணிக்காரரும் இரிக்கண்டே டீச்சர்?" என்றேன். லாரியில்கூட டிரைவருக்கு ஓர் இடம் போய்விடுமே என்று விளக்கமும் சொன்னேன். சுவரைப் பார்த்திருந்த முதுகு குலுங்கியது. பிறகு ஹெட்மிஸ்ட்ரஸும் வாய்விட்டுச் சிரித்தார். வராந்தாவில் நின்ற அம்மா மட்டும், என்ன ஆயிற்றோ என்று பயந்து உள்ளே ஓடி வந்தாள்.

தட்டச்சு செய்து ஒட்டியிருந்த பட்டியலில் பதினைந்து பெயர்கள். அதற்குக் கீழே ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவால் பதினாறாவதை எழுதினார். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. முதல் பெயரிலிருந்து கடைசிவரை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். கூட்டிக் கூட்டித்தான் வாசித்தேன். கடைசிப் பெயருக்கு மட்டும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஜெயித்தவள் அம்மா என்பது தெரிய இன்னும் பல வருடம் ஆனது.

இப்போது என் அலுவலகத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்கிறவர்கள் கட்டட அளவையும் நீச்சல் குளத்தையும் இணையத்தில் பார்த்தே ஃப்ளாட் வாங்கிவிடுகிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைமேல் உள்ள பாசம்தான். ஆனால் அடுத்தவர் பிள்ளைகளின் வகுப்புக்காகத் தன் பிள்ளையின் இடத்தை ஆறு நாள் பணயம் வைத்துவிட்டு, பிறகு இரண்டையும் காப்பாற்றிய ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

என் பெயர் பட்டியலில் ஏறிய அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் தன் தகரப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. எந்த நேரமும் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்ற எண்ணம். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் கைகால் கழுவினார், பக்கத்து வீட்டில் போய் ஒரு சுத்தியல் வாங்கி வந்தார், சட்டை மாட்டச் சுவரில் ஓங்கி ஓர் ஆணி அடித்தார்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காருல்லா? ஏசப் போறாரு" என்றாள் அம்மா.

"ஏசட்டும். இவ படிப்பு முடியுற வரைக்கும் நாங்க எங்கயும் போறதா இல்லன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, அப்பா இரண்டாவது ஆணியை எடுத்தார்.