மர நிழலில் மட்டும் இறுகிய குளக்கட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாதி மாதம். வன்னியில் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சிறிய குளத்தின் கட்டு, அதற்கு முந்திய மாரி மழையில் உடைத்துக்கொண்டு போயிருந்தது. அந்த உடைப்பைத் திரும்பக் கட்டும் வேலையில் மண் பரிசோதிக்கும் உதவியாளராக நான் சேர்ந்தேன். டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. வவுனியாவில் வீட்டிலிருந்து கிளம்பும்போது தலையில் ஒரு தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நான் என்ன வேலை செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளக்கட்டை ஒரேயடியாக மண் கொட்டி உயர்த்த முடியாது. ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, அளவாகத் தண்ணீர் விட்டு, ரோலரால் உருட்டி இறுக்க வேண்டும். அது ஒரு படை. அந்தப் படை போதிய அளவு இறுகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படை. அதைப் பார்ப்பதற்கு ஒரு சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணைத் தராசில் நிறுத்து, குழியை அளந்த மணலால் நிரப்பிக் கணக்குப் போடுவேன். அந்த மண் இறுகக்கூடிய உச்ச அளவில் தொண்ணூற்றைந்து வீதம் வந்தால் சரி. குறைந்தால் திரும்ப உருட்ட வேண்டும். இறுகாத மண்ணுக்குள் குளத்துத் தண்ணீர் நுழைந்து ஒரு வழி எடுத்துவிட்டால், அதன் பிறகு கட்டைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

என்னுடைய படிவங்களில் ஒரு படைகூடக் குறையவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வந்துகொண்டே இருந்தது. பொறியியலாளர் கையெழுத்துப் போடும்போது "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குக் கால் நிலத்தில் படாது.

இனி என் வண்டவாளத்தைச் சொல்கிறேன். கட்டின் வடக்கு முனையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. மற்றப் பக்கம் எல்லாம் பொட்டல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. காற்றில் தராசு ஆடும், மணல் பறக்கும், மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் கழன்றுவிடும். அதனால் மரத்தடியிலேயே கடையை விரித்துவிட்டேன். ஒரு படைக்கு மூன்று குழி தோண்ட வேண்டும். மூன்றையும் அந்த நிழலுக்குள்ளேயே இரண்டு எட்டுத் தள்ளித் தள்ளித் தோண்டினேன். படிவத்தில் படையின் இலக்கத்தைத்தான் எழுத வேண்டியிருந்தது. எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

அங்கே தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் குழாயைப் பிடித்து மண்ணுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை ஒரு அக்கா செய்தார். தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவருடைய வயல் கட்டுக்கு நேர் கீழே இருந்தது. கட்டு உடைந்தபோது முதலில் போனது அவருடைய பயிர்தான். போன வெள்ளம் வயல் முழுக்க மணலைக் கொட்டிவிட்டுப் போக, அவரும் கணவரும் கோடை முழுதும் மண்வெட்டியால் அள்ளியிருக்கிறார்கள். அந்த முறை மாரியில் விதைக்கும் காலபோகத்துக்கு விதை நெல்லும் எடுத்து வைத்திருந்தார். கட்டு நின்றால்தான் அது முளைக்கும்.

ஏழு படை முடிந்திருந்த ஒரு நாள் மத்தியானம், மரத்தடியில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா கிட்ட வந்து நின்றார்.

"மிஸ், அங்கிட்டும் ஒருக்கா தோண்டிப் பாக்குறீங்களா?" என்று தெற்கு முனையைக் காட்டினார்.

"ஏன்?"

"இங்கிட்டுத் தண்ணி விட்டா மேலயே நிக்குது மிஸ். அங்கிட்டு விட்டா உடனே குடிச்சிருது."

எனக்குச் சுருக்கென்றது. படித்தவள் நான், அளப்பவள் நான். "அக்கா, நீங்கள் தண்ணியைப் பாருங்கோ. மண்ணை நான் பாக்கிறன்" என்றேன். அவர் குழாயை எடுக்கத் திரும்பிப் போய்விட்டார். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் மனம் அரித்தது. அவர் சொன்னது பிழை என்று காட்டிவிட்டால் நிம்மதி என்று, பின்னேரம் வாளியையும் தராசையும் தூக்கிக்கொண்டு தெற்கு முனைக்குப் போனேன். முதல் குழி எண்பத்தெட்டு. தராசில்தான் பிழை என்று நினைத்தேன். இரண்டாவது எண்பத்தாறு. மூன்றாவதைத் தோண்டும்போதே மண்ணில் கத்தி லேசாக இறங்கியது. கணக்குப் போடாமலே விளங்கிவிட்டது.

ரோலர் ஓட்டியவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். இடம்பெயர்ந்து போய் நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லாரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நேரே அவரிடம் போனேன்.

"நானா, தெற்குப் பக்கம் எத்தினை ஓட்டம் ஓடுறனீங்கள்?"

"எட்டு. எஞ்சினியர் ஐயா சொன்ன மாதிரித்தான்."

"மரத்தடியில?"

நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அங்க ஒரு பதினாலு பதினைஞ்சு வரும் பிள்ளை. நீங்கள் அதிலதானே தோண்டுறனீங்கள். குறைஞ்சுதெண்டால் திரும்பவும் இந்த வெக்கைக்குள்ள குந்தியிருந்து தோண்டவேணும். பாவம் எண்டு நினைச்சுக் கூட ஓடினனான்."

அந்த மனிதர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு நடக்கும் பரீட்சையில் என்னைப் பாஸ் பண்ண வைக்கிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். அவரோடு எப்படிக் கோபிப்பது? எட்டு ஓட்டம் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட அளவு. அந்த மண்ணுக்கு அது போதாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். நான் நிழலில் இருந்துவிட்டேன்.

நான் விளக்கிச் சொன்னபோது நானாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப கட்டு நிக்காதோ?" என்று மட்டும் கேட்டார்.

மழைக்குக் கிட்டத்தட்ட மூன்று கிழமைதான் இருந்தது. படிவங்கள் எல்லாம் கையெழுத்தாகி அலுவலகத்துக்குப் போய்விட்டன. நானும் நானாவும் வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அதையும் யோசித்தேன். ஒருவேளை நின்றாலும் நிற்கும் என்று மனம் நியாயம் பேசியது. ஆனால் கட்டில் நின்று கீழே பார்த்தால் அந்த அக்காவின் வயல். உழுது மட்டப்படுத்தி, வரம்பு கட்டி ஆயத்தமாகக் கிடந்தது. பொறியியலாளருக்கு அழைப்பு எடுத்தேன். தெற்கு முனையில் வந்த வீதங்களைச் சொன்னேன்.

"எத்தினை படை?" என்று கேட்டார்.

"ஏழும், சேர்."

"நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அடுத்த நாள் காலை வந்தார். தெற்கு முனையில் தானே குந்தியிருந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். எல்லார் முன்னிலையிலும் எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். கடைசியில், "சரி, மரத்தடி தவிர மற்றப் பக்கம் முழுக்க வெட்டுவம். இனி எங்க தோண்டப்போறீர் எண்டு உமக்கே முன்னம் தெரியக்கூடாது" என்றார்.

பெக்கோ இயந்திரம் அந்த மண்ணை வெட்டி எடுக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டு நின்ற அக்காவிடம் போனேன். "அக்கா, நேற்று நான் அப்பிடிக் கதைச்சது பிழை. மனசில வச்சிருக்காதேங்கோ."

"அத விடுங்க மிஸ். மழைக்கு முந்தி முடிஞ்சிருமா?"

"முடிப்பம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

அதன் பிறகு நடந்த வேலையை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. நானா விடியும் முன்னரே ரோலரில் ஏறிவிடுவார். எட்டு ஓட்டம் பன்னிரண்டானது. பழைய கட்டோடு புது மண் சேரும் மூலைகளில் ரோலர் திரும்பாது, அங்கே ஆட்கள் கையால் இடித்து இறுக்கினார்கள். மண்ணின் ஈரத்தை அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தோம். கட்டின் நீளத்தை மீற்றர் மீற்றராகப் பிரித்து, இலக்கங்களைத் துண்டுகளில் எழுதி ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டேன். ரோலர் நின்ற பிறகு அக்கா பேணிக்குள் கை விட்டு மூன்று துண்டு எடுப்பார். அந்த இடங்களில்தான் குழி.

"நல்ல இடமாப் பாத்து எடு தங்கச்சி, மிஸ் பாவம்" என்று நானா ஒவ்வொரு முறையும் சொல்வார். அக்காவின் கைக்கு என்னவோ பொட்டல் வெளிதான் அகப்படும். எடுத்துவிட்டுச் சிரிப்பார். பிறகு தன் குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் விடுகிற அவர் உடம்பு முழுக்கச் சேறு, எனக்குக் குடை.

சில குழிகள் குறைந்தன. குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதினேன். திரும்ப உருட்டினோம். கடைசிப் படை முடிந்து, சரிவில் புல் பதித்து முடிய, இரண்டு நாளில் வானம் கறுத்தது.

மூன்று நாள் விடாத மழை. வவுனியா வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பஸ் எடுத்துப் போனேன். குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் வான் வழியே பாய்ந்துகொண்டிருந்தது. ஊர்ச் சனம் கட்டின் மேலே கூடி நின்றது. அக்கா மட்டும் கீழே, கட்டின் அடிவாரத்தில், சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை மெல்ல நடந்துகொண்டிருந்தார். இடைக்கிடை குனிந்து கையால் தடவிப் பார்த்தார். எனக்குக் கீழே இறங்கத் துணிவு வரவில்லை. மேலேயே நின்றேன்.

அவர் ஏறி வந்தார். "ஒரு ஊத்துக்கூட இல்ல மிஸ். வெறும் மழ ஈரந்தான்."

அவ்வளவு சனத்துக்கு நடுவில் நான் அழுதுவிட்டேன். அக்கா என் தோளைத் தட்டினார். வேறு வேலைக்குப் போயிருந்த நானாவுக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்தேன். "கட்டு நிக்குதோ பிள்ளை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நிற்கிறது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்தப் போகம் அக்காவின் வயல் விளைந்தது. இப்போது நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீதி வேலையில் இருக்கிறேன். இங்கேயும் எனக்காக இரக்கப்படும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரும் தேநீரை வாங்கிக் குடிப்பேன், எங்கே தோண்டப்போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். ஒரு குழியில் வீதம் குறைந்து வந்தால் முன்பு போல் முகம் சுருங்குவதில்லை. மழைக்கு முன்பே தெரிந்துவிட்டதே என்று மனம் ஆறுதலாகிறது.